ஒரு சொல், மூன்று வேஷம்

அண்டை வீட்டுச் சிறுவன் கண்ணீரும் கம்பலையுமாக நம்மிடம் வந்தான். ஆங்கிலப் பரீட்சையில் ஒரு மார்க்கில் தவறிவிட்டான். 'பிபோர் ஹி கேம்' என்பதில் 'பிபோர்' பிரிபொசிஷன் என்று எழுதினானாம். உபாத்தியாயர் கோடிட்டது நியாயமே; பின்னே ஒரு வாக்கியம் தொடர்வதால் அது கஞ்சங்ஷன். 'பிபோர் லஞ்ச்' எனில் பெயர் தொடர்கிறது; அப்போதுதான் பிரிபொசிஷன். 'ஐ ஹாவ் ஸீன் ஹிம் பிபோர்' என்றால் பின்னே ஒன்றுமில்லை, அட்வெர்ப்.

பொருளோ மூன்றிலும் ஒன்றே. பின் மூன்று பெயர் எதற்கு? டென்மார்க் தேசத்துப் பண்டிதர் ஓட்டோ யெஸ்பெர்ஸன் 1924-லேயே இவற்றை ஓரினத்தில் அடக்க வேண்டுமென வாதித்தார். (சிறுவன் அவரைவிட அதிகமாகப் பிழை செய்துவிடவில்லை!)

நம் 'முன்' மட்டும் என்னவாம்? 'உணவுக்கு முன்', 'அவன் வருமுன்', 'முன் கண்டதுண்டு'. ஆங்கிலத்தில் தலையில் நிற்பது இங்கே வாலில் நிற்கிறது, அவ்வளவே. இதைக் கேட்டதும் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மார்க்குதான் திரும்பவில்லை.