நைட் டூட்டியும் நாலு துப்பறியும் கதைத் தொகுப்பும்

1/ துப்பறியும் கதைன்னா வெறும் டைம்பாஸ்னு நினைக்கிறவங்களுக்கு இந்த திரெட். புதுசா படிக்க ஆரம்பிக்கிறவங்க நாவலை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல சிறுகதைத் தொகுப்பு படிங்க. ஒரு கதைக்கு அரை மணி நேரம் போதும்.

2/ ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயில் ஒரு டாக்டர். எடின்பரோவில் அவருக்குப் பாடம் எடுத்தவர் ஜோசப் பெல். நோயாளியின் நடை, கை, உடை இதையெல்லாம் பார்த்தே அவர் என்ன வேலை செய்றவர்னு சொல்லிடுவாராம். ஹோம்ஸுக்கு முன்மாதிரி அவர்தான். 1892ல் வந்த 12 கதைகள் கொண்ட 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' தொகுப்பை டாயில் அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார்.

3/ ஆனா என் ஓட்டு அடுத்த தொகுப்பான 'தி மெமாயர்ஸ்'க்குத்தான். காரணம் அதுல இருக்கிற 'தி யெல்லோ ஃபேஸ்'. ஹோம்ஸ் அழகா ஒரு தியரி கட்டுவார். அது மொத்தமா தப்பாப் போயிடும். முடிவைச் சொல்ல மாட்டேன். கடைசியில வாட்சன்கிட்ட, 'இனிமே நான் ரொம்ப மிதப்பா இருந்தா இந்த ஊர் பேரை என் காதுல சொல்லு'ன்னு கேட்டுக்குவார். ஊர் பேர் நார்பரி.

4/ எனக்கும் ஒரு நார்பரி உண்டு. ராத்திரி 2 மணி. 55 வயசு அம்மா, சுகர் பேஷண்ட். "நெஞ்சு எரியுது, கேஸ் போல இருக்கு"ன்னு அவங்களே சொன்னாங்க. நானும் அதையே நம்பி கேஸுக்கு ஊசி எழுதிட்டேன். கூட இருந்த சிஸ்டர் மெதுவா, "சார், வேர்த்திருக்கு. ஒரு ஈசிஜி எடுத்துடட்டுமா?"ன்னாங்க.

5/ எடுத்தோம். ஹார்ட் அட்டாக். அந்த அம்மா பிழைச்சது சிஸ்டர் கண்ணால, என் மூளையால இல்ல.

6/ அதனாலதான் அடுத்த சிபாரிசு அகதா கிறிஸ்டியின் 'தி தர்டீன் ப்ராப்ளம்ஸ்' (1932). பெரிய பெரிய ஆட்கள் புதிர் போட்டுப் பேசிட்டு இருப்பாங்க. ஓரமா ஸ்வெட்டர் பின்னிட்டு இருக்கிற கிழவி மிஸ் மார்ப்பிளை யாரும் கண்டுக்க மாட்டாங்க. விடை அவங்ககிட்டதான் இருக்கும். ஒவ்வொரு வார்டுலயும் ஒரு மிஸ் மார்ப்பிள் இருக்காங்க.

7/ கடைசியா ஆஸ்டின் ஃப்ரீமேனின் 'தி சிங்கிங் போன்' (1912). இவரும் டாக்டர். இதுல பெரும்பாலான கதைகள்ல கொலையாளி யார்னு முதல்லயே சொல்லிடுவார். டாக்டர் தார்ண்டைக் எப்படிக் கண்டுபிடிக்கிறார்ங்கிறதுதான் சுவாரஸ்யம். தூசி, நூல், கண்ணாடித் துண்டு எதையும் விட மாட்டார்.

8/ குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறது மட்டும் இந்தக் கதைகள் இல்ல. 'நமக்குத் தெரியும்'கிற நினைப்பு எவ்வளவு ஆபத்துன்னு சொல்றதும் இதுலதான் இருக்கு.

9/ டாக்டரா ஒரு வார்த்தை: சுகர் இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் பெரிய வலி இல்லாமலும் வரலாம். நெஞ்செரிச்சலோட வேர்வை, மூச்சுத் திணறல் இருந்தா 'கேஸ்'னு வீட்லயே இருக்காதீங்க. உடனே வந்து ஈசிஜி எடுங்க.

உங்க ஃபேவரைட் தொகுப்பு எது? கீழே சொல்லுங்க. அடுத்த நைட் டூட்டிக்கு ஆகும்.