உத்தரவு கம்பெனிக்கு, நட்டம் மலையடிவாரத்துக்கு

டிக்டாக் செயலிக்கு இந்தியாவில் விழுந்த முதல் அடி டெல்லியிலிருந்து வரவில்லை, மதுரையிலிருந்து வந்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு, அந்தச் செயலியைத் தரவிறக்கத் தடை விதிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆபாசமும் சிறார் மீதான சீண்டலும் அதில் மலிந்துவிட்டன என்பது நீதிமன்றத்தின் கவலை. இரண்டே வாரத்தில் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து செயலி காணாமல்போனது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. நாளொன்றுக்கு ஐந்து லட்சம் டாலர் நட்டம், 250 பேரின் வேலைக்கு ஆபத்து என்று கணக்குக் காட்டியது. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது.

அந்தக் கணக்கில் ஒரு தரப்பு இல்லவே இல்லை. நிறுவனத்தின் நட்டம் டாலரில் சொல்லப்பட்டது. அரசின் கவலை சட்டப் பிரிவுகளில் சொல்லப்பட்டது. செயலியை நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் நட்டத்தை யாரும் எண்ணவில்லை.

மதுரைக் கிளையின் எல்லைக்குள் வரும் மாவட்டங்களில் தேனியும் ஒன்று. அதன் மேற்கு ஓரத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். விடிவதற்குள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்கி வரும் கூலிச் சனம் வாழும் ஊர் அது. சினிமாவுக்கும் இந்த ஊர் புதிதல்ல. மலையும் ஆறும் வயலும் ஒரே சட்டகத்தில் அடங்கும் என்பதால் படப்பிடிப்புக் குழுக்கள் பல காலமாகத் தேடிவரும் இடம். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் இந்தச் சரிவின் தொழிலாளிகளைத் திரையில் காட்டியது. ஆனால், அப்படிப்பட்ட படம் எப்போதாவது ஒன்றுதான் வரும். மற்றபடி உள்ளூர்க்காரர் கூட்டத்தில் நிற்பார். கதாநாயகன் வெளியூரிலிருந்து வருவார்.

டிக்டாக் புரட்டிப்போட்டது இந்த வரிசையைத்தான். பதினைந்து விநாடி, விலை குறைந்த ஒரு போன், பின்னணிக்கு ஓர் இளையராஜா பாட்டு. எழுதத் தெரிந்திருக்க வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், எடிட்டிங் படித்திருக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட, முன்பே ஆள் சேர்த்து வைத்திருக்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் அன்று பெரும்பாலும் தெரிந்தவர்களின் வட்டம். யூடியூபில் சந்தாதாரர் சேர்ந்தால்தான் பேச்சு. டிக்டாக்கின் கணிப்பு முறையோ, ஒருவரும் பின்தொடராத ஆளின் காணொளியையும் முன்பின் தெரியாத சிலரிடம் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் பலரிடம் கொண்டுபோகும். யார் மேடையேறலாம் என்பதைச் சாதியும் தொழிலும் ஊரும் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

இதன் இன்னொரு முகத்தையும் மறைக்க வேண்டியதில்லை. சாதிப் பெருமையும் வசவும் அதே பதினைந்து விநாடியில் ஏறின. ஆடிய பெண்களின் காணொளிகளுக்குக் கீழே குவிந்த பின்னூட்டங்கள் வாசிக்கும் தரத்தில் இல்லை. 2019 பிப்ரவரியிலேயே, இதைத் தடைசெய்ய மத்திய அரசைக் கேட்போம் என்று அன்றைய தமிழகத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் எம்.மணிகண்டன் சட்டமன்றத்தில் சொன்னார். கவலைக்குக் காரணம் இருந்தது. ஆனால், கடைசியில் செயலியை வீழ்த்தியது இந்தக் காரணம் அல்ல.

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 29 இரவு, டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் முடக்கப்பட்டன. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனர் தரவு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஏறக்குறைய 20 கோடிப் பயனர்கள் இருந்த செயலி, ஒரே நாளில் வெறும் அறிவிப்புப் பலகையாக மாறியது. அன்றிரவு பலர் செய்த கடைசிக் காணொளி ஒன்றேதான்: “என்னை இன்ஸ்டாவுல வந்து பாருங்க.”

போடிப் பக்கத்துக்கு அது ஏற்கெனவே கெட்ட காலம். கரோனா முடக்கத்தில் மாநில எல்லை அடைபட்டு, மலையேறும் ஜீப்புகள் நின்றுபோயிருந்தன. மார்ச்சில் நின்ற ஏலக்காய் ஏலம் மே மாதக் கடைசியில்தான் திரும்பத் தொடங்கியது. இங்கே ஓர் ஒப்பீடு உதவும். ஏல மையம் மூடிக்கிடந்தபோது விவசாயிக்கு நட்டம்தான், ஆனாலும் உலர்த்திய காய் அவர் ஸ்டோரில் மூட்டையாக இருந்தது. போடியில் இல்லையென்றால் இடுக்கியின் புத்தடி ஏல மையத்தில் விற்கலாம், இன்றில்லையென்றால் அடுத்த மாதம் விற்கலாம். காணொளி செய்தவருக்குச் சந்தை மூடியபோது சரக்கும் சந்தைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் சேர்த்த ஆயிரமோ லட்சமோ பின்தொடர்வோரின் பட்டியல் அவருடையதல்ல, கம்பெனியுடையது. தடை உண்டாக்கும் சேதத்தின் வேர் இதுதான். வருமானம் நின்றது இரண்டாம்பட்சம். விளம்பர வருவாயில் பங்கு தரும் வழக்கமே அன்று இங்கே டிக்டாக்கில் இல்லை. கடைத்திறப்பு அழைப்பு, துணிக்கடை விளம்பரம் என்று வெளியிலிருந்து வந்த காசுக்கெல்லாம் அந்தப் பின்தொடர்வோர் எண்ணிக்கைதான் மூலதனம்.

காலியான இடம் அதிக நாள் காலியாக இருக்கவில்லை. மோஜ், ஜோஷ் போன்ற இந்தியச் செயலிகள் உடனே கிளம்பின. ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் தன் சோதனையை இந்தியாவில்தான் தொடங்கியது. சீன நிறுவனம் விட்டுச்சென்ற சந்தையின் பெரும்பகுதி இரண்டு அமெரிக்க நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தது. ஷார்ட்ஸ் விளம்பர வருவாயைப் பகிரத் தொடங்கியது 2023 பிப்ரவரியில். அதற்கும் 1,000 சந்தாதாரர்கள், 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள் என்று வாசற்படி வைக்கப்பட்டது.

படி தாண்டியவர்கள் உண்டு. உடன்குடி ஜி.பி.முத்து டிக்டாக்கில் பெயர் வாங்கி, தடைக்குப் பின் யூடியூபில் ரசிகர்களின் கடிதங்களைப் படித்துக் காட்டியே இன்னும் பிரபலமாகி, 2022இல் ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் போனார். புதுக்கோட்டை மாவட்டத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ ஆரம்பத்திலிருந்தே யூடியூபை நம்பியதால் இந்தப் புயல் அதைத் தொடவே இல்லை; 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. தடை யாரையும் அழித்துவிடவில்லை என்று வாதிடுபவர்கள் இப்படிப்பட்ட பெயர்களைத்தான் காட்டுவார்கள். திறமை இருந்தால் எங்கே போனாலும் பிழைக்கலாம் என்பது அந்த வாதத்தின் சாரம். பிழைத்தவரை எண்ணுவது சுலபம்; அவர் கண்முன் இருக்கிறார். சில ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத் தொழிலாளி, புதிய செயலியில் பூஜ்யத்திலிருந்து தொடங்க மனமோ நேரமோ இல்லாமல் நிறுத்திக்கொண்டதை எந்தப் புள்ளிவிவரத்திலும் தேட முடியாது. நடுவில் இருந்தவர்கள்தான் கூண்டோடு போனார்கள்.

நாட்டின் பாதுகாப்புக்காக ஒரு செயலியை முடக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேள்வி, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் இருக்கிறது. 69ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்ற 2015ஆம் ஆண்டு ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொல்லிவைத்தது: உள்ளடக்கத்தை உருவாக்கியவர் இன்னார் என்று தெரிந்தால், நிறுவனத்தோடு அவரையும் கேட்க வேண்டும். ஆனால், அந்தப் பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகள் அவசர நேரத்தில் கேட்காமலே முடக்க வழிவிடுகின்றன. நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கவும் சொல்கின்றன. 2020இல் நிறுவனங்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது முடக்கிய பிறகுதான். 2021 ஜனவரியில் டிக்டாக் தடை நிரந்தரமானது.

கேட்க ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 பிப்ரவரி ஓர் உதாரணம். பிரதமர் மோடி பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. விகடன் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு மார்ச் 6 அன்று முடக்கத்தை விலக்க உத்தரவு கிடைத்தது. விகடனுக்கு ஒரு நூற்றாண்டை எட்டும் பெயர் இருந்தது, வழக்கறிஞர்களும் இருந்தார்கள்.

அமெரிக்காவும் டிக்டாக்குக்கு எதிராகச் சட்டம் போட்டது. ஆனால், 2024 ஏப்ரலில் இயற்றியதற்கு 2025 ஜனவரி 19ஐத்தான் அமல் நாளாக வைத்தது. இடைப்பட்ட அந்த ஒன்பது மாதத்தில் காணொளி செய்பவர்கள் எட்டுப் பேர் தாங்களே வழக்குப் போட்டார்கள். அவர்களின் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் தனியாக வாதாடினார். தோற்றார்கள். ஆனாலும் அவர்கள் பேச்சு பதிவானது. கடையைக் கட்ட அவகாசமும் கிடைத்தது. நேபாளம் 2025 செப்டம்பரில் 26 தளங்களை ஒரே மூச்சில் முடக்கி எதிர்த் திசையில் போனது. ஊழல்மீது ஏற்கெனவே கனன்ற கோபத்தில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின, சில நாளில் பிரதமர் கே.பி.சர்மா ஒலி பதவி விலகினார்.

இந்தியாவுக்கு வேண்டியது பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. முடக்கும் உத்தரவோடு, பயனர் தன் காணொளிகளையும் பின்தொடர்வோர் பட்டியலையும் எடுத்துக்கொள்ள ஒரு மாதக் கெடு விதிக்கலாம். தரவை வெளிநாட்டுக்கு அனுப்பும் பகுதியை மட்டும் முதல் நாளே அடைக்கலாம். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தன் தரவை எடுத்துச்செல்லும் உரிமை 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது விடுபட்டது. ரீல்ஸும் ஷார்ட்ஸும் இன்று போடியின் ஜீப்புகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு நாளை தடை வந்தாலும், சட்டப்படி அந்தத் தொழிலாளியின் கையில் இருப்பது 2020 ஜூன் 29 இரவு இருந்ததைவிட அதிகம் இல்லை.