கடைசிப் பெயர் எங்கே போனது?



உலர் உணவுப் பொதிக்கான பெயர்ப் பட்டியலை எங்கள் இளைஞர்கள் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றியது நல்ல வேலை. ஆனால் புத்தளத்துக்கே திரும்பிப் போன ஒரு குடும்பத்தின் பெயரை நீக்கப் போய், கடைசியாக வந்து குடியேறிய குடும்பத்தின் பெயர் போய்விட்டது. போனவர்களின் பெயர் அப்படியே இருந்தது. பொதி கொடுக்கும் அன்று அந்தத் தாய் பிள்ளையோடு வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அணியில் பெயரைத் தேட 'இன்டெக்ஸ்ஒஃப்' போட்டால், அது இருக்கும் இடத்தின் எண்ணைத் தரும். எண்ணுவது 0 இலிருந்து. பெயர் இல்லாவிட்டால் -1 தரும். அந்த -1 ஐ அப்படியே 'ஸ்ப்ளைஸ்' கையில் கொடுத்து ஒன்றை நீக்கச் சொன்னால், அது பிழை என்று சொல்லாது. பின்னாலிருந்து முதலாவதை, அதாவது கடைசிப் பெயரை, சத்தமில்லாமல் எடுத்துவிடும். பட்டியலில் இருந்தது 'முஹம்மது', நீக்கியவர் அடித்தது 'முகம்மது'. இந்தப் பெயரை நாங்கள் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று வீட்டிலுள்ள அடையாள அட்டைகளைப் பார்த்தாலே விளங்கும்!

-1 வருகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஸ்ப்ளைஸ் ஒரு பெயரை எடுத்ததும் பின்னால் உள்ள எல்லோரும் ஓரிடம் முன்னே நகர்வார்கள். 41 ஆம் துண்டு வைத்திருப்பவர் 40 ஆகிவிடுவார். 'டிலீட்' போட்டால் இலக்கம் மாறாது, ஆனால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், அணியின் நீளமும் குறையாது.

இடத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பதே பிழை என்பது எங்கள் கருத்து. பாடசாலைச் சேர்வு இடாப்பில் பிள்ளை விலகினால் திகதி எழுதுவோம். பெயரும் இருக்கும், சேர்விலக்கமும் வேறு பிள்ளைக்குப் போகாது. குடும்பங்களுக்கும் அப்படி ஓர் இலக்கம் கொடுப்போம். போனவர் பக்கத்தில் 'விலகினார்' என்று குறித்துவிட்டு, பொதி நாளில் 'ஃபில்ட்டர்' போட்டு இருப்பவர்களை மட்டும் எடுப்போம். அது மூலப் பட்டியலைத் தொடாமல் புதிதாக ஒன்றைத் தரும்.

சின்ன விசயத்துக்கு இவ்வளவு நீட்டுவானேன் என்று சிலர் கேட்கலாம். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் பெற்றோர், திரும்பி வந்தபின் தாங்கள் இந்த ஊர்க்காரர்தான் என்று காட்ட எத்தனை கந்தோர் ஏறினார்கள்? புத்தளம் போனவர் நாளை திரும்பி வரலாம். பெயரை அழித்துவிட்டால் அவர் எதைக் காட்டுவார்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பட்டியலைப் பழைய கொப்பியோடு ஒப்பிடப் போகிறோம். துண்டு வைத்திருப்பவர்கள் மறக்காமல் கொண்டு வாருங்கள்.