காத்து மேல பழி போடாதீங்க!

லண்டன் ஒலிம்பிக்ஸ், 2012. உலகத் தரவரிசையில் நம்பர் ஒன்னாகப் போன தீபிகா குமாரி, முதல் சுற்றிலேயே பிரிட்டனின் ஏமி ஆலிவரிடம் தோற்று வெளியேறினார். 'லார்ட்ஸ் மைதானத்துல காத்து ஜாஸ்தி' என்று இங்கே சமாதானம் சொன்னார்கள். சரி, அதே மைதானத்தில், அதே காற்றில்தானே தென்கொரியாவின் கி போ-பே தங்கம் வாங்கினார்? அவர் அம்பு விடும்போது மட்டும் யாராவது ஃபேனை ஆஃப் பண்ணி வெச்சாங்களா?

தீபிகாவைக் குறை சொல்லவில்லை. மூங்கில் வில்லில் ஆரம்பித்து உலகக் கோப்பைத் தங்கங்கள்வரை வந்தவர் அவர். என் சண்டை, சமாதானம் தேடும் புத்தியோடு. 1988-ல் சியோலில் முதல்முறையாக ஒலிம்பிக்ஸ் வில்வித்தையில் இறங்கினோம். 2024 பாரீஸ்வரை ஒரு பதக்கம்கூடக் கிடையாது.

இந்த வியாதி ஒலிம்பிக்ஸில் ஆரம்பிப்பதில்லை. உங்கள் ஏரியா சம்மர் கேம்ப்பில் ஆரம்பிக்கிறது. பத்து வயசுப் பையனின் அம்பு போர்டிலேயே படவில்லை. 'வில்லு சரியில்ல சார், நல்லதா ஒண்ணு வாங்கிடுங்க' என்கிறார் கோச். அப்பாவும் கடனை உடனை வாங்கி வாங்கித் தருகிறார். புது வில்லிலும் அம்பு பழைய இடத்துக்கே போகிறது. போகாதா பின்னே? விடுகிற கை பழைய கைதானே!

நான் பி.காம். படித்தவன். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் புது லெட்ஜர் வாங்க மாட்டோம், தப்பான என்ட்ரியைத் தேடுவோம். கிடைக்கும்வரை வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளி வைப்போம். காற்று, வில், அதிர்ஷ்டம் எல்லாம் நம் வில்வித்தையின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். தற்காலிகக் கணக்கை நிரந்தரமாக்கிவிட்டோம்.

தேடினால் தப்பு கிடைக்கும். பையனை ஆறு அம்பு விடச் சொல்லுங்கள். ஆறும் ஒரே இடத்தில் கொத்தாக, ஆனால் மையத்தைவிட்டுத் தள்ளி விழுந்தால் பிரச்னை சின்னது. அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்தினால் சரியாகும். ஆறும் ஆறு திசையில் சிதறினால், சைட்டைத் தொடாதீர்கள். பையனைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நாணைத் தாடையில் அதே இடத்துக்குக் கொண்டுவருகிறானா? வில்லை முஷ்டி மடக்கி இறுக்கிப் பிடிக்கிறானா? விட்ட மறு நொடியே வில்லை இறக்கி, எங்கே விழுந்துச்சுன்னு எட்டிப் பார்க்கிறானா?

நாண் முன்கையில் சுளீரென்று அடிக்கிறதா? அதை வீரத்தழும்பு என்று கொண்டாடாதீர்கள். வில் பிடித்த கையின் முழங்கை, நாண் வரும் வழியில் நிற்கிறது. கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அப்படியும் அடித்தால், கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கலாம். நாணைச் சில சுற்று முறுக்கினால் கூடும்.

இழுக்கும்போது தோள் காதுவரை ஏறி, உடம்பு பின்னால் சாய்கிறதா? அந்த வில் அவனுக்கு ஓவர். 'வளர்ற பையன்தானே' என்று முப்பது பவுண்டு வில்லைப் பத்து வயசுக் கையில் திணிப்பது, அடுத்த வருஷத்து ஷூவை இப்போதே மாட்டிவிடுகிற கதையில்லை. பெரிய ஷூ கழன்று விழும், அவ்வளவுதான். இங்கே போவது பிள்ளையின் தோள்பட்டை.

அப்போ காற்று காரணமே இல்லையா? உண்டு. 70 மீட்டர் தள்ளி இருக்கும் பத்துப் பாயின்ட் வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சி.டி. சைஸ். காற்று அம்பைத் தள்ளத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு தள்ளியது என்று கண்டுபிடிக்க, நீங்கள் ஒவ்வொரு அம்பையும் ஒரே மாதிரி விட்டிருக்க வேண்டுமே!

கொரியாவில் சமாதானம் எடுபடாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021-ல், மூன்று தங்கம் வென்ற ஆன் சான், 2024 பாரீஸ் டீமில் இல்லை. பழைய மெடலைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. அவர் இல்லாமலே அங்கே ஐந்து தங்கத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தடவை கோச் 'புது வில்லு வாங்குங்க' என்றால், பர்ஸை எடுக்காதீர்கள். 'எந்த என்ட்ரி சார் தப்பு? காட்டுங்க' என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவரிடம் பிள்ளையை விட்டுவைக்காதீர்கள்.