இயற்கை வைத்தியம் அம்மா தலையில் மட்டுமா?



'இயற்கை வைத்தியம்' என்ற வார்த்தைக்கு நம்ம கோயமுத்தூர் பக்கம் இப்போது நல்ல மவுசு. சர்க்கரைக்கு இயற்கை, மூட்டு வலிக்கு இயற்கை என்று சொல்லி வந்தவர்கள், ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளுக்கும் சொல்ல ஆரம்பித்து விட்டார்கள். "வல்லாரையை அரைச்சுக் குடு அம்முணி, ஒரே மாசத்துல அடங்கிருவான்" என்பார் ஒருத்தர். "இந்தப் பொடி டப்பா ஒண்ணு வாங்கு, மூளை நல்லா வேலை செய்யும்" என்பார் இன்னொருத்தர். கூடவே, "நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கறே" என்ற பட்டமும் இலவசமாகக் கிடைக்கும்!

இப்படிப் பேச்சு வாங்கும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. என் மூத்த பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் குழந்தைகள் மனநல மருத்துவர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் டாக்டரிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதை, நம்மைப் போன்ற அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. சுட்டிப் பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயர் வைத்து விடக்கூடாது. கவனம் நிற்காமல் ஓடுவது, கை கால் சும்மா இராமல் இருப்பது, யோசிக்கும் முன்னே செய்து விடுவது, இவை வயதுக்கு மீறி, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்கு மேல் இருந்து, படிப்பையும் பழக்கத்தையும் பாதித்தால்தான் டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள். "இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன் வியாதி" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1902லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில், 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளைப் பார்த்து 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இந்தக் குறை தெரிந்ததாம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகள். பெண் பிள்ளை ஓடி ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மந்தமான புள்ள" என்று சொல்லி விட்டு விடுவோம். அவளையும் கவனியுங்கள் சகோதரிகளே.

இது வளர்ப்புக் கோளாறு இல்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது, மூளை வளரும் விதத்தைப் பொறுத்தது. ஆகவே "அம்மா சரியில்லை" என்று சொல்பவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ள வேண்டுகிறேன்.

சரி, இயற்கை வழியில் பலன் இல்லையா? இருக்கிறது. ஆனால் அது டப்பாவில் இல்லை.

தூக்கம் முதல் மருந்து. 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் நல்ல பிள்ளைக்கே கவனம் சிதறும், இவர்களைக் கேட்க வேண்டுமா? ராத்திரி குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கினால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். அதுவே சில பிள்ளைகளுக்குப் பகலில் துறுதுறுப்பாகத் தெரியும்.

அடுத்தது ஓட்டம், விளையாட்டு. தினமும் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாட வேண்டும். சைக்கிள், கபடி, சிலம்பம், வள்ளி கும்மி எதுவானாலும் சரி. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2009ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இந்தக் குறையுள்ள பிள்ளைகள் மரம் அடர்ந்த பூங்காவில் 20 நிமிடம் நடந்த பிறகு, ஊருக்குள் தெருவில் நடந்ததை விட நன்றாகக் கவனம் செலுத்தினார்களாம். தென்னந்தோப்பும் வாய்க்கால் கரையும் வைத்திருக்கும் நமக்கு இதற்குக் காசா பணமா?

சாப்பாட்டு விஷயத்தில் நிறையக் கட்டுக்கதை இருக்கிறது. சர்க்கரை தின்றால் துள்ளுவான் என்பதைப் பலமுறை சோதித்து விட்டார்கள், நிரூபணம் ஆகவில்லை. பல்லுக்காகவும் உடம்புக்காகவும் குறைத்துக் கொடுங்கள், அது வேறு. ஆனால் கலர் பொடி விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் 2007ல் வெளியான ஆய்வில், சில செயற்கைக் கலர்கள் சாதாரணப் பிள்ளைகளிடமே துறுதுறுப்பைச் சற்று கூட்டியது தெரிந்தது. 2010 முதல் ஐரோப்பாவில் அந்தக் கலர் சேர்த்த பண்டத்தின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாம் கலர் மிட்டாயையும் கலர் குழல் அப்பளத்தையும் குறைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லையே!

ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும் கவனம் குறையும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து விடுவது நல்லது. வீட்டில் ராகிக் களி, கம்மஞ்சோறு, கீரை, அரிசியும் பருப்பு சாதம், முட்டை என்று காலையிலேயே வயிறு நிறையக் கொடுங்கள். வல்லாரையும் கீரைதான், துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அது இந்தக் குறையைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

பேர் தெரியாத பொடி, லேகியம் விஷயத்தில் ரொம்பவும் ஜாக்கிரதை. 2008ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இன்டர்நெட்டில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்ததாம். ஈயம் பிள்ளைகளின் மூளையையே கெடுக்கும். கவனம் வரட்டும் என்று கொடுத்து, இருக்கிற கவனத்தையும் போக்குவதா?

பழக்க வழக்கத்துக்கும் வழி இருக்கிறது. டாக்டர் இதைப் பெற்றோர் பயிற்சி என்கிறார். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். "பல்லு வெளக்கி, குளிச்சு, பையை எடுத்து வை" என்று அடுக்கினால் அவனுக்கு முதல் வார்த்தையே நிற்காது. பத்து நிமிஷம் பாடம், ஐந்து நிமிஷம் ஓட்டம். செய்து முடித்த உடனே ஒரு பாராட்டு. நாளைக்குச் சொல்கிற பாராட்டு அவனுக்குப் பயன்படாது. எங்கள் வீட்டுச் சுவரில் காலை வேலைகளைப் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறோம்.

மாத்திரை என்றதும் பயப்படுகிறோம். 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோர் பயிற்சிதான் என்கிறார்கள். அதற்கு மேல், தேவைப்பட்டால் மருந்தும் சேரும். என் பையனுக்கும் இப்போது மாத்திரை உண்டு. பசி கொஞ்சம் குறையும் என்பதால் சாப்பிட வைத்த பிறகே கொடுக்கிறேன். டாக்டர் எடையும் உயரமும் பார்த்துக்கொண்டே வருகிறார். பத்து நிமிஷம் உட்கார்ந்தவன் இன்று இருபது நிமிஷம் உட்காருகிறான். இயற்கை வழியும் மருந்தும் எதிரிகள் இல்லை சகோதரிகளே, ஒன்றுக்கொன்று துணை. எழுதிக் கொடுத்த மருந்தை, யாரோ சொன்னார்கள் என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதற்கெல்லாம் காசு அதிகம் வேண்டாம். ஆனால் பொழுது வேண்டும். யாருடைய பொழுது? அம்மாவுடையது! ஓட விடுவது அம்மா, களி கிண்டுவது அம்மா, பத்துப் பத்து நிமிஷமாக உட்கார வைப்பது அம்மா. இதையெல்லாம் செய்தும் பையன் அடங்காவிட்டால் பேச்சு வாங்குவதும் அவளேதான். எட்டரை மணிக்குப் பிள்ளை தூங்க வேண்டும் என்றால் எட்டரைக்கு டி.வி.யும் செல்போனும் வீடு முழுக்க அடங்க வேண்டாமா? அது ஒருத்தியால் ஆகிற காரியமா?

எங்கள் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். "ஏனுங்க, காலைல நான் பார்த்துக்கறேன், பொழுதோட நீங்க பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டேன். முதலில் முணுமுணுத்தார். இப்போது தினமும் அவனைச் சைக்கிளில் விட்டுக் கூடவே ஓடுகிறார். அவருக்கே தொப்பை குறைந்து விட்டது! மாமியார் சீரியலை எட்டரையோடு நிறுத்துகிறார். "பேரனுக்காக இதுகூடச் செய்யாட்டி எப்படி கண்ணு?" என்று அவரே சொல்கிறார். பழி சொல்லிக்கொண்டிருந்த வீடு பங்கெடுத்துக்கொண்டால் பாதி பாரம் இறங்கி விடும் என்பது நான் கண்ட உண்மை.

பள்ளிக்கும் பங்கு உண்டு. முன்பு அவன் படித்த ஒரு பள்ளியில், "உங்க பையனால கிளாஸே கெடுது, டி.சி. வாங்கிக்கங்க" என்றார்கள். இப்போதைய டீச்சர் முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறார், அடிக்கடி எழுந்து போர்டு துடைக்கச் சொல்கிறார். இதற்குப் பைசா செலவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது என்பதை நாமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் டாக்டருக்கு வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளில் இதுவும் ஒன்று. அந்தக் குழு வரும் நாளில் வாய் திறந்து கேளுங்கள். மனப்பாரம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

அப்பாக்களுக்கும் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பொடி டப்பா வாங்கித் தர வேண்டாம், தினமும் ஒரு மணி நேரம் தாருங்கள். இயற்கை வைத்தியத்தில் விலை உயர்ந்த சரக்கு அதுதான். என்ன சகோதரிகளே, நான் சொல்வது நியாயந்தானே? உங்கள் வீட்டில் யார் யார் பங்கெடுக்கிறார்கள் என்று நீங்களும் எழுதுங்களேன்!

— ஓர் இல்லத்தரசி, சூலூர்.