பெரிய வெள்ளியும் கடைப் பணியாளரும்

சுருவில் போன்ற தீவகக் கிராமங்களிலிருந்து யாழ்ப்பாண நகரக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பெரிய வெள்ளிக்கிழமையும் வேலைநாளே. அரச அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் அன்று விடுமுறை. ஆனால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ் ஊதியத்துடன் கிடைக்கும் 8 விடுமுறைகளுள் தைப்பொங்கலும் மே தினமும் நத்தாரும் உண்டு. பெரிய வெள்ளி இல்லை. தீபாவளியும் இல்லை என்பதை நம் இந்து அயலவர் அறிவர். 1966 முதல் 1971 வரை ஞாயிறுகூட விடுமுறையாய் இருக்கவில்லை. போயா நாள்களே அவ்விடத்தைப் பெற்றிருந்தன. முதியோர் இதனை மறந்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் சட்டத்தையும் முதலாளியையும் மட்டும் கடிவது முறையன்று. விடுமுறை கிடைத்ததும் புதுச் சேலை தேடி அக்கடைக்குள் நுழைபவர் யார்? இணைச்சட்டம் 5:14 ஓய்வுநாளை வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி அவனுடைய வேலையாளுக்கும் உரியதாக்குகிறது. ஞாயிறிலும் திருநாள்களிலும் பிறர்மேல் தேவையற்ற வேலையைச் சுமத்தலாகாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2187). மருந்தகமும் பேருந்தும் தேவை. சேலை ஒருநாள் பொறுக்கும்.

பிற்பகல் மூன்று மணி வழிபாட்டுக்கு வர விரும்பும் பெண் இன்று தன் சொந்த விடுப்பையே செலவிட வேண்டியுள்ளது. கடை நம்மவருடையதாயின், நண்பகலில் அவளைச் சம்பளத்துடன் அனுப்பிவைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. பண்ணைப் பாலம் கடந்து ஊர்க் கோவிலை அடைய நேரமும் இருக்கும்.