வீடு வரையக் கற்கும் பிள்ளைகள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் அன்பர் ஒருவர் நம்மை நிறுத்தினார். "என் மகன் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்கிறான். உங்கள் அக்காள் மகள் அதைத்தானே படிக்கிறாள்? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்" என்றார். வாயிற்படியில் நின்றவாறு சொல்லி முடிக்கக்கூடிய விஷயமன்று அது. ஆகவே இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

முதலில் நம் தகுதியைச் சொல்லிவிடுவது முறை. நாம் பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் நுழைந்து, பிறகு இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தா ஆனோம். கட்டடக்கலையைப் பற்றிப் புத்தக அறிவு நமக்கு இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளாக அப்படிப்பை ஒரு வீட்டு மூலையில் உட்கார்ந்து பார்த்து வருகிறோம். அவ்வளவே நம் தகுதி.

மும்பையில் நாம் நாள்தோறும் இறங்கும் நிலையம் முன்னாளில் விக்டோரியா டெர்மினஸ் எனப்பட்டது. இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். பிரெடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்பவர் வரைந்த அக்கட்டடத்தை 1878இல் தொடங்கி முடிக்கப் பத்தாண்டுகள் ஆயின. அதன் அலங்கார வேலைகளில் பம்பாய்க் கலைப் பள்ளி மாணவர்களும் பங்கு கொண்டனர். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனைச் சேர்த்தது. இத்தனையும் அக்காள் மகள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அதே கூரையின் கீழ் நடந்தும் ஒரு நாளாவது நாம் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

இனிப் படிப்பைப் பற்றிச் சொல்வோம். அது ஐந்தாண்டுப் படிப்பு, பத்துப் பருவங்கள். அவற்றுள் ஒரு பருவம் கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சி. இறுதியாண்டில் பெரிய திட்டமொன்றை மாணவரே தேர்ந்தெடுத்து முடித்துக் காட்ட வேண்டும். சேர்வதற்கு 'நாட்டா' என்னும் தேர்வையோ, ஜே.இ.இ. மெயின் தேர்வில் இப்படிப்புக்கென உள்ள இரண்டாம் தாளையோ எழுத வேண்டும். பட்டம் பெற்ற பின்னரும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொண்டாலன்றி 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்குப் பின்னே போட்டுக்கொள்ள இயலாது.

பலர் இதனைச் சித்திரம் எழுதும் படிப்பு என்று எண்ணுகிறார்கள். வேறு சிலர் பொறியியலின் ஒரு பிரிவு என்கிறார்கள். நாமும் அப்படிச் சொல்லித்தான் அக்காளைச் சம்மதிக்கச் செய்தோம்; வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் இட்டோம். இரண்டும் தவறான எண்ணங்கள். உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தத் திசையிலிருந்து வெயில் வரும், சாக்கடைக் குழாய் எவ்வழியே இறங்கும், சுண்ணாம்பும் சிமெண்டும் எப்படி வேறுபடும், பழங்கோயில்கள் எவ்வாறு எழுந்தன என்பன எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் உயிர் 'ஸ்டூடியோ' என்னும் வகுப்பு.

அங்கே ஒரு வேலையைக் கொடுப்பார்கள். முதலில் பேருந்து நிறுத்தம், அப்புறம் சிறு நூலகம், பிறகு பள்ளிக்கூடம், குடியிருப்பு என்று வளரும். கணக்கைப் போல் அதற்கு ஒரே விடை கிடையாது. பிள்ளை வரைவாள், ஆசிரியர் பென்சிலால் அதன்மேலே கோடு கிழித்து, "இது ஏன் இங்கே?" என்பார். மீண்டும் வரைவாள், மீண்டும் கோடு விழும். இறுதியில் 'ஜூரி' என்று ஒரு நாள் வரும். தாள்களைச் சுவரில் மாட்டி, ஆசிரியர்களுக்கும் வெளியிலிருந்து வந்த நிபுணர்களுக்கும் முன்னே நின்று பதில் சொல்ல வேண்டும். பல வாரத்து உழைப்புக்குச் சில நிமிஷங்களில், எல்லோர் முன்னிலையிலும், தீர்ப்பு. தேர்வுத்தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். சுவரில் மாட்டியதை எங்கே ஒளிப்பது?

அந்த நாளுக்கு முன்னுள்ள இரவுகளில் உறக்கம் கிடையாது. முதலாண்டில் எல்லாம் கையால் வரைவது, பின்பு கணினியில். ஏ-1 என்னும் தாள் 841 மில்லிமீட்டர் நீளம், 594 அகலம். அக்காளின் வீட்டில் அதனை விரித்தால் ஒருவர் படுக்க இடமில்லை. அச்செடுக்கும் செலவு வேறு. அட்டையை வெட்டி ஒட்டிச் செய்யும் மாதிரிக் கட்டடத்துக்கான செலவும், வெட்டுப்பட்ட விரலும் வேறு.

நாம் செய்த பிழையொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். முதலாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போயிருந்தோம். மூலையில் வெள்ளை அட்டைத் துண்டுகள் கிடந்தன. ஏதோ பெட்டி பிரித்த குப்பை என்று கருதி, உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, கூட்டி அள்ளித் தெருக்கோடியில் கொட்டிவிட்டு வந்தோம். அது மறுநாள் ஒட்ட வேண்டிய படிக்கட்டு! குழாயடியிலிருந்து திரும்பி வந்த பெண் மூலையைப் பார்த்தாள், நம்மையும் பார்த்தாள். "பரவாயில்லை, மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதிய அட்டையை எடுத்து அளக்கத் தொடங்கினாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும்.

அக்காளின் வீடு தாராவியில் இருக்கிறது. கீழே பத்தடிக்குப் பதினைந்தடி அறை. இரும்பு ஏணியேறிப் போனால் மேலே ஒரு தட்டு. குடும்பத்தில் ஐவர். தொழில் இட்லி. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு எரியத் தொடங்கும். ஆறரைக்கு அத்தான் மிதிவண்டியில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். பெண் வரைந்துவிட்டுப் படுக்கப் போகும் நேரமும் தாய் எழும் நேரமும் ஒன்றாகிவிட்டபடியால் அவ்வீட்டில் விளக்கு அணைவதே இல்லை.

இரண்டாமாண்டில் குடியிருப்புப் பாடம் வந்தது. நெருக்கமான வீடுகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அளந்து வரைவதற்காக வகுப்பு முழுவதையும் ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அந்த இடம் தாராவி. அவளுடைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

தோழிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்றோ, ஏளனம் செய்தார்கள் என்றோ அவள் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்தாம், அக்கறையோடுதான் கேட்டார்கள். "இவ்வளவு சிறிய இடத்தில் எப்படித்தான் இருக்கிறார்களோ!" என்று ஒருத்தி வியந்தாள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த நம் பெண் வாய் திறக்கவில்லை. அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றிரவு, "இனிப் போகமாட்டேன், ஏதாவது கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறேன்" என்றாள். நமக்குச் சொல்லியனுப்பினார்கள். போய் உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்வதானால், அந்நேரம் நம் நினைவுக்கு முதலில் வந்தது ஜாமீன் கையெழுத்துத்தான். பெண்ணின் மனம் அன்று. கடனைப் பற்றியே பேசினோம். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பயனும் இல்லை.

அக்காள் நான்காம் வகுப்புக்குமேல் படிக்காதவள். மூன்று மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவள் சொன்னாள்: "யார் யாரோ வந்து அளந்துகொண்டு போகிறார்கள். இந்த வீட்டில் என்ன குறை என்று என்னை ஒருவராவது கேட்டதுண்டா? நீயாவது கேட்டாயா?"

பெண் திகைத்துப் போனாள். பிறகு காகிதத்தை எடுத்தாள். அக்காள் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆவி போக வழியில்லாமல் கூரைத் தகடு வியர்த்துச் சொட்டுகிறது. ஏணி செங்குத்து; முழங்கால் வலி வந்தபின் மேலே போய் ஆறு மாதமாகிறது. தண்ணீர்ப் பீப்பாய் கதவை முழுவதும் திறக்க விடுவதில்லை. மாவு புளிக்கும் மூலை வெயில் காலத்தில் ஒரு விதம், மழைக் காலத்தில் வேறு விதம். விடியும்வரை நாமும் பக்கத்தில் இருந்தோம். நம் கூடப்பிறந்தவளின் கஷ்டங்களில் பாதியை அன்றுதான் நாமே கேட்டோம்.

அவள் அவ்வீட்டை ஒன்றுக்கு ஐம்பது என்னும் அளவில் வரைந்தாள். அந்த அளவில் அறை முழுவதும் ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர், உள்ளங்கையால் மூடிவிடலாம். பிறகு அதே நிலத்தில் அந்தக் குறைகள் நீங்கிய வீடு ஒன்றை வரைந்தாள். ஆசிரியர் ஒருவர், இந்தூரில் உள்ள ஆரண்யா குடியிருப்பைப் பார்க்கச் சொன்னார். பாலகிருஷ்ண தோஷி அமைத்தது அது. அடித்தளமும், தண்ணீர்க் குழாயும், கழிப்பறையும் முதலில் தந்து, மீதியைக் குடும்பங்கள் தம் வசதிப்படி கட்டிக்கொள்ள விடும் திட்டம். தோஷி மும்பையில் ஜே.ஜே. பள்ளியில் பயின்றவர், 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர், 2023இல் காலமானார்.

ஜூரி நாளன்று ஒருவர், "சமையலறைக்கு மேல் இவ்வளவு உயரத்தில் காற்றுவழி எதற்கு?" என்று கேட்டாராம். "காலை மூன்று மணி முதல் இட்லி வேகும், ஐயா. இது எங்கள் வீடு" என்று அவள் பதில் சொன்னாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லையாம். அப்புறம் வழக்கம்போல் குறைகளைச் சொன்னார்கள். மாடிப்படி தவறு, பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைகிறது என்றார்கள். அதிசயம் ஒன்றும் நிகழவில்லை, நடுத்தரமான மதிப்பெண்தான். ஆனால் கடை வேலைப் பேச்சு அதன்பின் எழவில்லை. இப்போது நான்காமாண்டு. கடன் அப்படியேதான் இருக்கிறது.

கேட்ட அன்பருக்கு நாம் சொல்லக்கூடியவை இவை. பிள்ளைக்குப் படம் வரைய வருகிறது என்பதற்காக மட்டும் சேர்க்க வேண்டாம். பத்து முறை அழித்து எழுதப் பொறுமை உண்டா என்று பாருங்கள். சேருமுன், அதே கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் ஒரு மாணவரிடம், கட்டணம் நீங்கலாக மாதம் என்ன செலவாகிறது என்று விசாரியுங்கள். பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகளில் ஊதியம் சொற்பம். கணினித் துறைக்குப் போன அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். இரவில் விளக்கெரிந்தால் மின்கட்டணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். ஒரு டம்ளர் பால் கொண்டுபோய் வையுங்கள். மூலையில் கிடக்கும் அட்டைத் துண்டைக் கேளாமல் தொடாதீர்கள்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள் நம் பெரியோர். வீட்டை வரைந்து பார்ப்பதும் அதற்குச் சளைத்ததன்று. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம்மில் பலர் பிறர் கட்டிய சுவர்களுக்குள்ளே ஒடுங்கி வாழப் பழகிவிட்டோம். அச்சுவரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தால், அவளுக்கு யாரும் சொல்லித் தராமலே சில விஷயங்கள் தெரிந்திருக்கும். அன்பரின் மகனுக்கு விருப்பமிருந்தால், ஒரு ஞாயிறு காலை நம்முடன் தாராவிக்கு வரட்டும். அவள் வரைபடம் காட்டுவாள். அக்காள் இட்லி தருவாள்.